அது தண்ணியா, கஞ்சில்லா!

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதம். திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்ஸிங் பள்ளியில் நான் முதலாண்டு மாணவி. எனக்கு வயது இருபத்தைந்து, வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. காலையில் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நிற்கும்போது, பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு தாயார் தவறிப்போய்ப் பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்ட மாதிரி இருப்பேன்.

எனக்கு ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தது. பி.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு. அதை வைத்துக்கொண்டு தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டையைத் தவறாமல் புதுப்பித்தேன். பி.எட். முடித்தவர்களே அங்கே வரிசையில் நின்று நரைத்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸிங் பக்கம் வந்ததற்குச் சேவை மனப்பான்மைதான் காரணம் என்று எழுத ஆசை. உண்மை அதுவல்ல. காத்திருந்து காத்திருந்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான். நர்ஸ் படித்தவள் யாரும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

விசாரித்தபோது இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று நாலு வருடப் பட்டப்படிப்பு, இன்னொன்று மூன்று வருட டிப்ளமா. ஏற்கெனவே பட்டம் இருக்கிறதே, ஒரு வருடமாவது குறையாதா என்று இந்தப் பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்த எழுத்தர் என் பட்டச் சான்றிதழை உறையை விட்டு வெளியே எடுக்கக்கூட இல்லை.

"அது வேற படிப்பு, இது வேற படிப்புல்லாம்மா. பிளஸ் டூ மார்க் ஷீட்ட மட்டும் குடுங்க" என்றார்.

ஏழு வருடம் பின்னால் போய், பள்ளிக்கூடத்து மார்க் ஷீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டுக்கும் விண்ணப்பித்தேன். பட்டப்படிப்பில் இடம் கிடைக்கவில்லை, டிப்ளமாவில் கிடைத்தது. சேர்ந்தேன். ஆனால் ஒரு காலைத்தான் உள்ளே வைத்தேன். அடுத்த வருடம் மறுபடி பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று சேர்ந்த அன்றே தீர்மானம்.

வீட்டிலும் அதே பேச்சுதான். அம்மா தெருவில் கேட்டவர்களிடம் எல்லாம், "அவ ஆஸ்பத்திரில கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கா" என்று சொல்லிவைத்திருந்தாள். பொய்தான். ஆனால் பெட்பேன் கழுவுகிறாள் என்று எப்படிச் சொல்வாள், பாவம். அப்பா பொய் சொல்லமாட்டார், அதற்குப் பதிலாக லெக்சர் அடிப்பார். "பட்டம் வாங்குனவ பட்டத்துக்குத்தான் போணும். டிப்ளமாவுக்குப் போனா அது எறக்கம்லா" என்பார். உள்ளுக்குள் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சேர்ந்ததிலிருந்து அந்த ஜூன் வரை ஒன்பது மாதமும் களைப்பு என்றால் அப்படி ஒரு களைப்பு. காலையில் ஆறரைக்கு வார்டு. படுக்கை விரிப்பு மாற்றுவது, பல் விளக்கிவிடுவது, உடம்பு துடைத்துவிடுவது, புண்ணுக்குத் துணி கொதிக்கவைப்பது. மத்தியானம் வகுப்பு. அங்கே உட்கார்ந்தால் கண் சொருகும். குதிகால் இரண்டும் தனியாகக் கழன்று ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும். கூடப் படித்த பதினெட்டு வயசுகள் அதே வேலையைச் செய்துவிட்டு விடுதி மாடியில் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருக்கும். எனக்குச் சிரிக்கவும் தெம்பு இருக்காது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்கமுடியாதது ஒரே ஒரு சொல். 'அக்கா.'

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். நமக்கு முந்தைய வருடம் சேர்ந்தவர்கள் எல்லோரும் நமக்கு அக்கா. வயது கணக்கில்லை. தொப்பியில் ஒரு கோடு கூடுதலாக இருந்தால் அவள் அக்கா, அவள் வந்தால் எழுந்து நிற்கவேண்டும். ஒவ்வொரு முதலாண்டு மாணவிக்கும் வார்டில் ஓர் இரண்டாம் ஆண்டு அக்காவைப் பொறுப்பாகப் போடுவார்கள். எனக்கு என்று போட்ட அக்காவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. தச்சநல்லூர்ப் பள்ளியில் என்னிடம் வேதியியல் படித்த பெண்.

படித்தாள் என்று சொல்லமுடியாது. இருந்தாள். அரைப் பரீட்சையில் ஒற்றை இலக்கம். பியூரெட் என்ற அளவுக் குழாயில் திரவம் நடுவில் குழிந்து நிற்கும், அந்தக் குழியின் அடிமட்டத்தைப் பார்த்துத்தான் அளவு சொல்லவேண்டும். எத்தனை தரம் சொல்லிக்கொடுத்தாலும் அவள் ஒரு தரம் மேலே பார்ப்பாள், ஒரு தரம் எங்கேயோ பார்ப்பாள். ஒருநாள் வகுப்பு முழுக்க இருக்கும்போது, "ஒரு கோட்டப் பாத்துச் சொல்லத் தெரியல, நீ எல்லாம் எதுக்கு லாயக்கு?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எழுந்து நின்றவள் அப்படியே உட்கார்ந்தாள். பரீட்சையில் மயிரிழையில் தப்பித்துப் போய்விட்டாள் என்பது மட்டும் தெரியும். இங்கே வந்திருப்பாள் என்று யார் கண்டது.

இப்போது அவளுக்கு நான் எழுந்து நிற்கவேண்டும். நின்றேன். ஆனால் அக்கா என்று மட்டும் வாயில் வரவில்லை. ஒன்பது மாதமும் அந்தச் சொல் இல்லாமலே சமாளித்தேன். "இது எங்க வைக்கணும்?", "டாக்டர் கூப்பிடுதாங்க" என்று மொட்டையாகப் பேசுவேன். அவளும் அப்படித்தான். யாரும் இல்லாதபோது பழக்கதோஷத்தில் "டீச்சர்" என்பாள். ஆள் இருக்கும்போது பெயர் சொல்லவும் கூசி, "இங்கன வாங்க" என்பாள். வார்டை நடத்தும் தலைமை நர்ஸான வார்டு சிஸ்டர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "ஜூனியருக்கு என்ன வாங்க போங்க?" என்று சத்தம்போட்டார். மறுநாளும் அவள் வாங்க என்றுதான் கூப்பிட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் அந்த ஜூனில் கடிதம் வந்தது. பட்டப்படிப்புக்கு நேர்முகத் தேர்வு, வருகிற திங்கட்கிழமை மதுரையில். சேர்ந்தால் முதலிலிருந்து நாலு வருடம், முடிக்கும்போது முப்பதைத் தொடுவேன். ஆனாலும் கல்லூரி, பட்டம். பிற்பாடு பாடம் எடுக்கப் போய்விடலாம். எல்லாவற்றுக்கும் மேல், அங்கே இவள் இருக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் போவதென்று பெட்டிக்கடியில் இருந்த பையை எடுத்துத் தூசி தட்டிவைத்தேன். அப்பா எழுதிய இரண்டு வரியில் அத்தனை சந்தோஷம்.

அந்த வாரம் வியாழக்கிழமை, எங்கள் வார்டுக்குக் களக்காட்டிலிருந்து ஒரு வாழை விவசாயி வந்து சேர்ந்தார். அறுபது வயதிருக்கும். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்து, கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு லிட்டருக்கு மேல் வாய் வழியாக எதுவும் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு குடிக்கிறார், எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து எழுதும் தாள் என் பொறுப்பில் வந்தது.

அளப்பது என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்! மற்றவர்கள் குத்துமதிப்பாக எழுதும் இடத்தில் நான் அளவுக் குடுவையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, குழியின் அடிமட்டம் பார்த்து எழுதுவேன். அவருடைய மனைவி இரவும் பகலும் கூடவே இருந்த ஆச்சி. அவரிடம் தினம் மூன்று வேளையும் கேட்பேன்.

"ஆச்சி, தாத்தாவுக்கு எவ்வளவு தண்ணி குடுத்தீங்க?"

"மாத்திர முழுங்க ஒரு மடக்கும்மா. வேற சொட்டுத் தண்ணி குடுக்கல. டாக்டர் சொன்ன பொறவு குடுப்பனா?"

நிஜமாகவே அவர் தண்ணீர்ச் செம்பைத் துணியால் மூடி, அந்த மனிதர் கைக்கு எட்டாமல் ஜன்னலில் வைத்திருந்தார். அந்த மடக்கையும், ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்த பாலையும் கூட்டி எழுதினேன். லிட்டருக்கு எவ்வளவோ கீழே. வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "யார் எழுதுனது? சுத்தமா இருக்கே" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பக்கத்தில் நின்ற என் பழைய மாணவியை ஓரக்கண்ணால் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் உடம்பு எடை ஒத்துவரவில்லை. குடிப்பது குறைவு, எடையோ தினம் ஏறுகிறது. அதை நான்தான் முதலில் கவனித்தேன். கவனித்து என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? எடைக் கருவி கெட்டுவிட்டது என்று. நானே இரண்டு தரம் ஏறி நின்று பார்த்து, 'கருவி சரிபார்க்கப்பட வேண்டும்' என்று அழகான கையெழுத்தில் குறிப்பும் எழுதினேன். அதைப் படித்த டாக்டரும் எடையை விட்டுவிட்டு என் தாளை நம்பினார். நீர் பிரிகிற மருந்தைக் கூட்டவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி இருக்கும். நான் அடுத்த படுக்கையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சத்தம், ஹுக்காவில் தண்ணீர் கொப்பளிப்பதுபோல. திரும்பிப் பார்த்தால் அவர் எழுந்து உட்கார முயன்று, முடியாமல், வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். உதட்டோரம் நுரை. நெற்றியில் வேர்வை ஓடுகிறது. ஆச்சி அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "என்னங்க, என்னங்க" என்கிறார். எனக்கோ படித்தது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வந்தது ஒரே ஒரு சொல்தான். வார்டின் அந்தக் கோடிவரை கேட்கும்படி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"அக்கா!"

அவள் ஓடிவந்தாள். வந்த வேகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, கால் இரண்டையும் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாள். "தலகாணி எல்லாத்தையும் எடுங்க. ஆச்சி, நீங்க முன்னால நின்னு பிடிச்சுக்கிடுங்க. தாத்தா, பைய, பைய மூச்சு விடுங்க, நான் இங்கனதான் இருக்கேன்." பேசிக்கொண்டே ஆக்ஸிஜன் குழாயை முகத்தில் மாட்டிவிட்டாள். என்னை வார்டு சிஸ்டரிடம் விரட்டினாள். டாக்டர் வந்தார், ஊசி போட்டார்கள். அரைமணி நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு சிறுநீர் பிரியத் தொடங்கி, அந்தக் கொப்பளிப்புச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிழைத்துக்கொண்டார்.

டாக்டர் என் தாளை மறுபடி எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "குடிச்சது இவ்வளவுதான்னா இது எப்படி?" என்றார். அவள் தரையில் ஆச்சியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"ஆச்சி, காலையில எந்திச்சதுல இருந்து தாத்தா வாய் வழியா என்னென்ன உள்ள போச்சு? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

ஆச்சி விரல் மடக்கிச் சொன்னார். எழுந்ததும் ஒரு காப்பி. எட்டு மணிக்குப் பெரிய தம்ளரில் கஞ்சி. சூட்டைத் தணிக்க ஓர் எளநி. இடையில் இன்னொரு காப்பி. திசையன்விளையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டிலிருந்து மருமகன் தூக்குச் சட்டியில் கொண்டுவந்த பதனி, ஆசைப்பட்டார் என்று இரண்டு தம்ளர். சாப்பாட்டுக்கு ரசம், அதன் மேல் மோர். அவர் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டே போனேன், லிட்டரை எப்போதோ தாண்டிவிட்டது. மூன்று நாளாக இதே கதை.

"இதெல்லாம் ஏன் எங்கிட்டச் சொல்லல ஆச்சி?" என்று கேட்டேன்.

ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. "நீ தண்ணியத்தானம்மா கேட்ட? அது தண்ணியா, கஞ்சில்லா! எளநி சூட்டுக்குல்லா குடுத்தேன்."

சரிதானே. எங்கள் வீட்டிலும் காப்பி குடித்தவரைத் தண்ணீர் குடித்தவர் என்று யாரும் சொன்னதில்லை. நானும் இதே ஊர்க்காரிதான், ஆச்சி பேசும் தமிழைத்தான் நானும் பேசுகிறேன். ஆனால் சீருடையைப் போட்டுக்கொண்டு கையில் தாளைப் பிடித்ததும், தண்ணீர் என்றால் திரவம் எல்லாம் அடக்கம் என்று எனக்குள் ஒரு வேதியியல் டீச்சர் முடிவுகட்டிவிட்டாள். மற்ற நேரம் டியூட்டியில் இருந்தவர்களும் என் அழகான தாளைப் பார்த்து அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். சொட்டு சொட்டாக அளந்து எழுதிய தாள், ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தது.

வார்டு சிஸ்டர் வெளியே கூப்பிட்டார். என்னையல்ல, அவளை. அங்கே வழக்கம் அது. ஜூனியர் தப்புச் செய்தால் பதில் சொல்லவேண்டியது அக்கா. "ஜூனியர் எழுதுததப் பாக்கதில்லையா? அப்பறம் நீ என்ன அக்கா?" என்று வராந்தாவில் வைத்துக் கிழித்தார். மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்குப் போய்வர அனுமதி உண்டு. மறுநாள் அவள் போகவேண்டிய ஞாயிறு. அதை ரத்து செய்தார். அவள், "சரி சிஸ்டர். என் தப்புதான்" என்றாள். நான் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிறு மத்தியானம் பையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் பின்பக்கமாக வந்தேன். துவைகல்லில் அவள் சீருடைகளை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகமுடியாமல் போனவளைத் தாண்டித்தான் நான் மதுரைக்குப் போகவேண்டும்.

"மதுர பஸ்ஸுக்கா டீச்சர்? ஞாயித்துக்கெழம கூட்டமா இருக்கும், வெள்ளனயே போயிருங்க" என்றாள். கடிதம் வந்தது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

போகமுடியவில்லை. பையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டேன், ஆச்சியிடம் அப்படிக் கேட்கவேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று. அப்போதுதான் கவனித்தேன், நான் அவளை நீங்க என்று சொல்லியிருந்தேன்.

அவள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "எங்கப்பாவுக்கும் இதே சீக்குதான் டீச்சர். எங்கம்மையும் சொட்டுத் தண்ணி குடுக்கலன்னுதான் சொன்னா. நெசமாவே குடுக்கல. காப்பியும் கஞ்சியும்தான் குடுத்தா. அங்கன யாரும் வேற மாதிரிக் கேக்கல."

"எப்போ?"

"பிளஸ் டூ படிக்கையில. மாசக்கணக்கா ஆஸ்பத்திரிலதான் கெடந்தோம். அரப்பரீட்ச முடிஞ்ச பொறவு தவறிட்டாங்க."

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அடுத்த துணியை எடுத்துச் சோப்புப் போட ஆரம்பித்துவிட்டாள். அவள் பிளஸ் டூ படித்த அந்த வருடம் முழுக்க நான் அவளிடம் ஒரு கேள்வியைத்தான் கேட்டிருந்தேன். "படிச்சியா, இல்லையா?" அவளும் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். "படிக்கல டீச்சர்." ஏன் என்று நான் கேட்கவே இல்லை. பியூரெட்டில் அவள் கண் நிற்காமல் போனதற்கு ராத்தூக்கம் இல்லாதது காரணமாக இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அப்படியே வார்டு சிஸ்டரிடம் போய், கேள்வியும் நான் கேட்டதுதான், எடைக் கருவி கெட்டது என்று எழுதியதும் நான்தான், அக்காவுக்கு இதில் சம்பந்தமில்லை என்று சொன்னேன். அவர், "இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா?" என்றார். அதற்குள் மதுரைப் பஸ் போய்விட்டது. பெரிய முடிவு எடுத்தேன் என்று பீற்றிக்கொள்ளமாட்டேன். நான் ஏறவில்லை, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் பட்டத்துக்காக நான் மதுரைக்குப் புறப்படவில்லை. அக்கா என்று கூப்பிடாமல் தப்பிப்பதற்காகத்தான் நாலு வருடம் தரத் தயாராக இருந்திருக்கிறேன்.

அப்பா ஆறு மாதம் முகம்கொடுத்துப் பேசவில்லை. களக்காட்டுக்காரர் பத்து நாளில் கால் வீக்கம் வடிந்து வீட்டுக்குப் போனார். ஆச்சி கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "இனிமே கஞ்சியும் தண்ணிதான், தெரிஞ்சுக்கிட்டேன்" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

டிப்ளமா முடித்து, வேலையில் சேர்ந்து, பல வருடம் கழித்து அதற்குமேல் படிக்கும் நர்ஸிங் பட்டத்தையும் படித்தேன். அதில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை. இப்போதும் ஏதோ ஒரு பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு வருடமா மூன்று வருடமா எதில் சேரலாம் என்று கேட்டு இளம்பெண்கள் வருகிறார்கள். இரண்டின் சாதக பாதகமும் சொல்வேன். கடைசியாக, உங்களைவிட ஆறு வயது சின்னவளை அக்கா என்று கூப்பிட முடியுமா, யோசித்துக்கொள்ளுங்கள் என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

அக்கா இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். எப்போதாவது தொலைபேசியில் கூப்பிடுவாள், இன்னும் "டீச்சர்" என்றுதான் ஆரம்பிப்பாள். ஓய்வு பெற எனக்கு அதிக நாளில்லை, முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் ஒருமுறை குத்தவைத்து உட்கார்ந்துதான், காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன என்று கேட்கிறேன். கேட்கும் ஒவ்வொரு தடவையும், தச்சநல்லூர் வகுப்பறையில் எழுந்து நின்ற ஒரு பெண்ணிடம் அன்றைக்கு நான் கேட்காமல் விட்டதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.